ஆபரேட்டரம்மா வைத்த மெயில் சர்வர்

அந்த மருத்துவமனையில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் கிடையாது. பெரிய டாக்டரிலிருந்து தோட்டக்காரர் வரை எல்லோருக்கும் அவர் ஆபரேட்டரம்மா. சம்பள நாளில் மட்டும் கணக்கர் அவர் பெயரைப் படிப்பார். அப்போதும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தால்தான் எழுந்து போவார்.

வாசலை ஒட்டி அவருடைய அறை. ஒரு ஜன்னல், ஒரு சுழல் நாற்காலி, எதிரே தொலைபேசிப் பலகை. வார்டுகள், ஆபரேஷன் தியேட்டர், மருந்தகம், லாண்டரி என்று உள்ளே போன் இருக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் பலகையில் ஒரு சிறு விளக்கு. யாராவது ரிசீவரை எடுத்தால் அவர்களுடைய விளக்கு எரியும். வெளியுலகத்தோடு பேச இரண்டு லைன்கள். ஊரார் கூப்பிடுவதற்கு ஒன்று. அந்த எண்தான் ஆம்புலன்ஸின் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருந்தது. உள்ளே இருப்பவர்கள் வெளியே பேசுவதற்கு மற்றொன்று.

கூப்பிட்டவரைக் காக்க வைக்கக் கூடாது என்பது அந்த வேலையின் முதல் விதி. ஆபரேட்டரம்மாவுக்கு அது விதி என்ற நிலையைக் கடந்து உடம்பின் பழக்கமாகவே ஆகியிருந்தது. வாயில் சோறு இருந்தாலும், யாரோடாவது பேசிக்கொண்டிருந்தாலும், விளக்கு எரிந்த கணமே கை போய்விடும். "கூப்பிடறவங்க வீட்டுல என்ன நடக்குதோ, நமக்கென்ன தெரியும்? மணி அடிச்சுட்டே இருந்தா அவங்க வேற யாரைப் போய்க் கேப்பாங்க?" என்பார். அவருடைய கணவர் பஸ் டிரைவர். கரண்ட் போய்த் திரும்பி வந்து வீட்டில் விளக்கு எரிந்தால்கூடத் தன் மனைவி "ஹலோ" சொல்லிவிடுவாள் என்று அவர் டிப்போ முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

மெயில் பேச்சு வந்தது பெரிய டாக்டர் ஒரு கூட்டத்துக்குப் போய்வந்த பிறகு. சதைத் துணுக்கைப் பார்த்து நோய் சொல்லும் நிபுணர்கள் தங்கள் முடிவை இப்போது படங்களோடு மெயிலில் அனுப்புகிறார்களாம். தபாலில் வந்தால் வாரக்கணக்கில் ஆகும். டாக்டர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு மெயில் பெட்டி வேண்டும் என்று ஒரு கம்பெனிக்காரரை வரவழைத்தார். வந்தவர் எப்போதும் திறந்தே இருக்கும் தனி லைன் போட வேண்டும் என்றார். அந்தத் தெருவுக்கு அப்படியொரு லைன் இப்போதைக்கு வராது என்றும் அவரே சொல்லிவிட்டுப் போனார்.

"டயல் பண்ணியே செய்யலாமே, டாக்டர்?" என்றார் ஆபரேட்டரம்மா.

"ஒரு ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர்னா செய்யலாம். நமக்கு எத்தனை பேர்!"

"லைன் ஒண்ணு, உள்ளே எக்ஸ்டென்ஷன் நிறைய. இதைத்தானே தினமும் செஞ்சிட்டிருக்கேன்?"

பெரிய டாக்டர் சிரித்தார். ஆனால் கணக்குப் பிரிவு கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை அவரிடம் கொடுக்கச் சொல்லி எழுதியும் கொடுத்தார்.

அதன் பிறகு பல மாதம் டிரைவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தக் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. "மேசையில அதுக்கு இலை போட்டாச்சு. நான் தட்டை மடியில வெச்சுத் தின்னுட்டுப் போறேன்" என்று டிரைவர் புலம்புவார். ஆபரேட்டரம்மா அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் போன் லைனோடு இணைக்கும் மோடத்தோடு வந்த புத்தகத்தைப் படித்தார். புரியாத பக்கத்தைத் தாண்டிப் போகும் பழக்கம் அவருக்கு இல்லை. ஒரே பக்கத்தில் ஒரு வாரம் நின்றதும் உண்டு. தபால் நிலையத்தில் மருத்துவமனைக்கென்று ஒரே பெட்டி இருப்பதுபோல, இணைய நிறுவனத்தில் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரே மெயில் பெட்டி. சர்வராக வேலை செய்யும் அந்தக் கம்ப்யூட்டர் வேளா வேளைக்கு அங்கே டயல் செய்ய வேண்டும். வந்திருப்பதை அள்ளிக்கொண்டு, போக வேண்டியதைக் கொடுத்துவிட்டு, லைனை வைத்துவிட வேண்டும். பிறகு உள்ளே அவரவர் பெட்டியில் பிரித்துப் போட வேண்டும். இந்த வரைபடத்தை மனதில் ஏற்றிக்கொண்ட பிறகு அவருக்குப் பயம் விட்டுப்போயிற்று.

கம்ப்யூட்டரைத் தன் அறைக்குக் கொண்டுவந்த பிறகும், சோதித்துப் பார்க்க வெளி லைனைத் தொட அவருக்கு மனம் வரவில்லை. தன் பலகையையே ஊராக வைத்துக்கொண்டார். ஒரு மோடத்தைத் தன் அறையிலும் இன்னொன்றை லாண்டரியிலும் வைத்து, ஓர் எக்ஸ்டென்ஷனிலிருந்து இன்னொன்றுக்கு டயல் செய்ய விட்டார். லாண்டரிக்காரர் முதல் நாளே ஓடி வந்தார்.

"அக்கா, உங்க பொட்டி என் பொட்டியைப் பாத்துக் கத்துது. அது திருப்பிக் கத்துது. நடுவுல நான் போர்வை மடிக்கணுமா?"

"அவங்க பேசிக்கறாங்க தம்பி."

"புருஷன் பொண்டாட்டியா?"

"கொஞ்ச நேரம் கத்திட்டு அப்புறம் அமைதியா வேலை பாக்குதே, அப்படியா இருக்கும்?"

லாண்டரிக்காரர் அந்தப் பதிலைப் போகிற வார்டிலெல்லாம் சொல்லிச் சிரித்தார். நாற்பது வயது. துவைத்த போர்வைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு நாளைக்கு மருத்துவமனையை எத்தனையோ சுற்று சுற்றி வருபவர்.

சர்வர் வேலை செய்தது. காலை, மதியம், மாலை மூன்று வேளையும் தானாக டயல் செய்தது. அதில் ஆபரேட்டரம்மா புத்தகத்தில் இல்லாத ஒன்றைத் தன் யோசனையில் சேர்த்திருந்தார். பலகையின் ஓரத்தில் ஒரு சுவிட்ச். மெயில் ஓடிக்கொண்டிருக்கும்போது வார்டிலிருந்து யாராவது வெளியே பேசக் கேட்டால், சுவிட்சைத் தட்டுவார். மோடம் அறுந்து லைன் மனிதருக்குப் போகும். மெயில் அடுத்த வேளை வந்துகொள்ளும். எழுத்து காத்திருக்கலாம், குரல் காத்திருக்க முடியாது என்பது அவருடைய கணக்கு. நெடுநாள் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.

பிறகு லாண்டரிக்காரருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு வீங்கியது. துணுக்கு எடுத்துப் பார்த்ததில் அது பழைய சீழ்ப் புண்ணாகவும் இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம் என்றுதான் உள்ளூரில் சொல்ல முடிந்தது. துணுக்கு ஒட்டிய கண்ணாடித் தகடுகள் நகரத்து நிபுணருக்குப் போயின. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் அந்த ஊருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் வருவார். புற்றாக இருந்தால் அடுத்த முறை வரை வைத்திருப்பது ஆபத்து. நிபுணரின் பதில் வராவிட்டால் மயக்க டாக்டர் வரும் அன்றே முழங்காலுக்கு மேலே வெட்டிக் காலை எடுத்துவிடுவதென்று முடிவாயிற்று. லாண்டரிக்காரரும் அவருடைய மனைவியும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

அந்த வாரம் தெருவைத் தோண்டியவர்கள் பூமிக்கடியில் போன கேபிளை வெட்டிவிட்டார்கள். தெரு முழுக்கப் போன் செத்தது. மருத்துவமனையில் வெளியே பேசும் லைனும் போயிற்று. ஊரார் கூப்பிடும் லைன் மட்டும் பழைய கம்பத்தில் வந்த கம்பி என்பதால் தப்பியது. ஆபரேட்டரம்மா மோடத்தையும் சுவிட்சையும் அதற்கே மாற்றினார். இப்போது எல்லாவற்றுக்கும் அந்த ஒரே லைன்தான். மோடம் அதைப் பிடித்திருக்கும்போது வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டு ஒலிதான் கேட்கும். அந்த நினைப்பே அவருக்கு முள்ளாகக் குத்தியது. வேளைக்கு டயல் ஆனதும் சிறிது நேரம் ஓடவிட்டு, சுவிட்சைத் தட்டிவிடுவார்.

அறுவை நாளன்று காலை வேலைக்கு வரும் வழியில் அவர் வார்டில் எட்டிப் பார்த்தார். லாண்டரிக்காரர் வெறும் வயிற்றோடு படுத்திருந்தார்.

"என்னக்கா, என் முழங்காலுக்கு லெட்டர் வந்துச்சா?"

"இல்லை தம்பி."

"வரலைன்னா போகட்டும். இனிமே செருப்பு வாங்கினா ஒண்ணை உங்களுக்குத் தந்துடறேன்."

"வாயைக் கழுவுங்க" என்றார் பக்கத்தில் இருந்த மனைவி. அதட்டலாகத்தான் சொன்னார். சொன்ன பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆபரேட்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்ததும் பெரிய டாக்டர் வந்தார்.

"ஏதாவது வந்ததா?"

"ரெண்டு மூணு நாளா மெயிலே இல்லை டாக்டர். யாரும் எழுதலை போல."

டாக்டர் நிபுணரின் அலுவலகத்துக்கு லைன் போடச் சொன்னார். உதவியாளர்தான் எடுத்தார். "முந்தாநாளே அனுப்பிட்டாங்களே சார். அவங்க இப்போ விமானத்துல இருக்காங்க. காப்பி அவங்க கம்ப்யூட்டர்லதான் இருக்கு. எனக்கு ஒண்ணும் தெரியாது."

டாக்டர் ரிசீவரை வைத்தார். ஆபரேட்டரம்மா சர்வரின் பக்கம் திரும்பி, கையாலேயே டயல் செய்து, மெயில் பெட்டியைத் திரையில் பார்த்தார். வரிசையாக மெயில்கள் நின்றிருந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று, மற்ற அத்தனையையும் சேர்த்தாலும் எட்டாத பருமனில், கதவை அடைத்துக்கொண்டு நின்றது. நிபுணருடையது.

அவருக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது. பாதியில் அறுந்த மெயிலை விட்ட இடத்திலிருந்து எடுக்க அந்த ஏற்பாட்டில் வழி கிடையாது. ஒவ்வொரு வேளையும் அந்த மெயில் இறங்கத் தொடங்கியிருக்கிறது. ஒவ்வொரு வேளையும் சுவிட்ச் தட்டப்பட்டிருக்கிறது. மறுபடி முதலிலிருந்து.

"இது என் கை செஞ்ச வேலை, டாக்டர்" என்றார். எப்படி என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

பெரிய டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

முதல் சில வரிகளை மட்டும் எடுத்துக் காட்ட ஒரு கட்டளை உண்டு. ஆபரேட்டரம்மா அதைக் கொடுத்துப் பார்த்தார். 'அன்புள்ள டாக்டர், என் முடிவையும் படங்களையும் இணைத்துள்ளேன்.' அவ்வளவுதான். முடிவு என்னவென்பது அந்தப் பருமனுக்குள்ளே எங்கோ இருந்தது.

"முழுசா இறங்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"லைன் நல்லா இருந்தா மதியத்துக்குள்ள வந்துடும். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது."

"வேற எங்கயாவது கொண்டுபோய் வைக்க முடியாதா?"

"இந்தத் தெருவுல வேற லைனே இல்லை. ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கு, அங்க தூக்கிட்டுப் போய் எல்லாம் கட்டறதுக்குள்ள மயக்க டாக்டர் வந்து காத்திருப்பார்."

"அப்போ காலை முழுக்க ஊருக்கு நம்ம போன் கிடைக்காது."

"கிடைக்காது."

டாக்டர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வெளிநோயாளிகள் வரிசை வாசல் வரை வந்திருந்தது. "செய்யுங்க. பொறுப்பு என்னோடது" என்றார்.

"பொறுப்பு உங்களோடதுதான் டாக்டர். கை என்னோடது."

முதலில் அவர் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரி கிடைக்கவில்லை என்று யாராவது அங்கே கூப்பிட்டால் உடனே பார்க்கச் சொன்னார். ஆம்புலன்ஸை எடுத்துக்கொண்டு போய் அந்த நிலையத்து வாசலிலேயே நிற்கும்படி ஓட்டுநரை அனுப்பினார். பிறகு டயல் செய்தார். மோடம் கத்தி ஓய்ந்தது. திரையில், இறங்கிய அளவைக் காட்டும் எண் ஏறத் தொடங்கியது.

எண் கணிசமாக ஏறியிருந்தது. மருந்தகத்தின் விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். கை போய்விட்டது. சுவிட்ச் விழுந்த ஒலியைக் கேட்டபிறகே தான் என்ன செய்தோம் என்பது அவருக்குத் தெரிந்தது. திரையில் எண் நின்றிருந்தது. ரிசீவருக்குள் மருந்தகத்துப் பையன், "டீ சொல்லணும், கடைக்கு லைன் குடுங்கம்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆபரேட்டரம்மா ரிசீவரை வைத்தார். மறுபடி டயல் செய்தார். எண் ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்கியதும் நாற்காலியை விட்டு எழுந்தார். பலகைக்கும் தனக்கும் நடுவே அறையின் முழு நீளம் இருக்கும்படி, எதிர்ச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றார். கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டார். வேலை நேரத்தில் அவர் அந்த நாற்காலியை இப்படி விட்டு நின்றதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

பலகையில் ஒரு விளக்கு எரிந்தது. பிறகு இன்னொன்று. எரிந்து, சலித்து, அணைந்தன. கொஞ்ச நேரத்தில் குழந்தைகள் வார்டு சிஸ்டர் நேரில் வந்துவிட்டார்.

"என்ன ஆபரேட்டரம்மா, உங்க போர்டு தூங்குதா, நீங்க தூங்கறீங்களா? ஒரு குழந்தையோட அப்பாவை வரச் சொல்லணும், லைன் குடுங்க."

"முடியாது சிஸ்டர்."

சிஸ்டர் ஓர் அடி பின்வாங்கினார். அந்தச் சொல்லை அந்த அறையில் அவர் கேட்டதேயில்லை. "குழந்தைக்கு ஒண்ணும் அவசரமில்லையே?" என்று ஆபரேட்டரம்மாவே கேட்டார்.

"அவசரமில்லை. அழுதுட்டே இருக்கு, அவ்வளவுதான்."

"விலாசம் சொல்லுங்க. வாட்ச்மேன் சைக்கிள்ல போய்க் கூட்டிட்டு வரட்டும்."

சிஸ்டர் திரையைப் பார்த்தார், சுவரோடு நின்றவரைப் பார்த்தார். "லாண்டரி அண்ணனுக்கா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். ஆபரேட்டரம்மா தலையசைத்தார். சிஸ்டர் போய் ஒவ்வொரு வார்டிலும் சொன்னாரோ என்னவோ, அதன் பிறகு பலகையில் விளக்கு எரியவில்லை.

உள்ளேயிருந்து வரும் தொந்தரவு நின்றது. ஆனால் வெளியிலிருந்து கூப்பிடுபவர்கள் கண்ணுக்கே தெரிய மாட்டார்கள். எங்கேஜ்டான லைனில் யார் கூப்பிட்டாலும் இந்தப் பக்கம் விளக்கும் எரியாது, மணியும் அடிக்காது. ஊரில் யார் எந்த வீட்டில் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதற்கு அறையில் ஓர் அடையாளமும் இல்லை. எண் ஏறுவது மட்டும் தெரிந்தது. நடுவில் ஒருமுறை மோடத்தின் விளக்கு அசையாமல் நின்றது. லைன் அறுந்துவிட்டதா, வெறுமனே தடுமாறுகிறதா என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். அவர் தொடவில்லை. விளக்கு மறுபடி துடிக்கத் தொடங்கியபோது அவருடைய விரல்கள் மரத்துப்போயிருந்தன.

மயக்க டாக்டரின் கார் வாசலில் நுழைந்தபோது மெயில் முழுமையாக இறங்கிவிட்டது. ஆபரேட்டரம்மா பெரிய டாக்டருக்கு உள் போனில் சொன்னார். அவர் வந்து நின்றபடியே படித்தார். படங்களில் நிபுணர் வட்டம் போட்டுக் காட்டியிருந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு தடவை பார்த்தது போதாமல் மறுபடியும் பார்த்தார்.

"புற்று இல்லை" என்றார். "பழைய சீழ்தான். எலும்பைத் திறந்து சுத்தம் பண்ணினாப் போதும்." சொல்லிக்கொண்டே வார்டை நோக்கி வேகமாக நடந்தார்.

ஆபரேட்டரம்மா லைனைத் திறந்தார். விட்டதும் மணி அடித்தது.

"அப்பாடா! உங்க போனுக்கு என்ன சீக்கு? எவ்வளவு நேரமா அடிக்கறேன்!"

"மன்னிக்கணும் ஐயா. என்ன விஷயமா கூப்பிட்டீங்க?"

"கண் டாக்டர் என்னைக்கு வருவார்னு கேக்கத்தான்."

ஆபரேட்டரம்மா தேதியைச் சொன்னார். அடுத்தது ஒரு பெண், தையல் பிரிக்க வரலாமா என்று. அதற்கடுத்தது ஒரு மருந்துக் கம்பெனி. எல்லோரிடமும் ஒரு கேள்வியைக் கேட்டார்: "காலையிலயும் முயற்சி பண்ணினீங்களா? எதுக்காக?" அவரவர் பதில் சொன்னார்கள். சிலர் திட்டிவிட்டுச் சொன்னார்கள்.

பிற்பகலில் தீயணைப்பு நிலையத்திலிருந்து திரும்பிய ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஜன்னலில் தலையை நீட்டினார். "அங்க ஒரு போன்கூட வரலைம்மா. சும்மாதான் உக்காந்திருந்தேன். நிம்மதிதானே?"

"ஒருத்தரும் கூப்பிடலையா?"

"ஒருத்தரும் இல்லை."

யாருக்கும் தேவைப்படாமலும் இருந்திருக்கலாம். அங்கே கூப்பிடலாம் என்று யாருக்கும் தெரியாமலும் இருந்திருக்கலாம். ஆபரேட்டரம்மா ஓட்டுநரைப் போய்ச் சாப்பிடச் சொன்னார்.

லாண்டரிக்காரரைத் தியேட்டரிலிருந்து வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு அவருடைய மனைவி அந்த அறைக்கு வந்தார். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டே வந்தார். "அக்கா..." என்று தொடங்கியபோது மணி அடித்தது. ஆபரேட்டரம்மா விரலைக் காட்டி நிற்கச் சொல்லிவிட்டு ரிசீவரை எடுத்தார். பேசினார், வைத்தார். மறுபடி மணி. மறுபடி அதே கேள்வி.

"எதுக்குக்கா எல்லார்கிட்டயும் இதையே கேக்கறீங்க?"

"காலையில கூப்பிட்டுக் கிடைக்காதவங்க யார் யார்னு தெரிஞ்சுக்கணும். திரும்பக் கூப்பிட்டாங்கன்னா கேட்டுக்கலாம்."

"திரும்பக் கூப்பிடலைன்னா?"

ஆபரேட்டரம்மா பலகையைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மீண்டும் துடைத்தார்.

கூப்பிய கைகள் மெல்ல இறங்கின. அந்தப் பெண் மூலையில் இருந்த ஸ்டூலை இழுத்து நாற்காலியின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "அவர் கண் முழிக்க நேரமாகும்னு சிஸ்டர் சொன்னாங்க. நான் இங்கயே இருக்கேன்" என்றார். ஒவ்வோர் அழைப்பும் முடிந்ததும் ஆபரேட்டரம்மாவின் முகத்தைப் பார்த்தார். கேட்காமலே ஆபரேட்டரம்மா சொன்னார்.

"ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்."

"பார்வையாளர் நேரம் கேட்டாங்க."

"தப்பான நம்பர்."

மாலை வேலைக்கான ஆபரேட்டர் வந்து கைப்பையை மாட்டிவிட்டு நின்றார். ஆபரேட்டரம்மா எழுந்திருக்கவில்லை. "நீ போய் டீ குடிச்சிட்டு வாம்மா, இன்னும் கொஞ்சம் நான் பாத்துக்கறேன்" என்றார். மணி அடித்தது. ஸ்டூலில் இருந்தவர் ரிசீவர் பக்கம் சாய்ந்தார்.

"ஹலோ, ஆஸ்பத்திரி. சொல்லுங்க. காலையில கூப்பிட்டீங்களா?"